பேஸ்மேக்கர் மேல் ஆறாத சிறு புண்: மீண்டும் மாத்திரையா, முழு அகற்றமா?

57 வயதான வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கேள்விக்குத் தேவையானவற்றை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்குச் செல்லும் மின்தூண்டல் முற்றிலும் தடைப்பட்டதால், 11 ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இடப்புற மார்பில் இரண்டு மின்கம்பிகள் கொண்ட பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. பின்னாளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்பும் சேர்ந்துகொண்டதால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுத்துவந்தார். ஐந்து மாதங்களுக்கு முன் பேட்டரி தீர்ந்ததால் கருவியை மட்டும் மாற்றினார்கள். அதற்காக வார்ஃபரினை நிறுத்தி, இடைப்பட்ட நாட்களில் அதே வேலையைச் செய்யும் ஹெப்பாரின் ஊசி போட்டிருக்கிறார்கள். அறுவைக்குப் பின் அந்த இடம் கருநீலமாக வீங்கி, வடிவதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. மூன்றாம் மாதத்தில் தழும்பின் ஓரம் சிவந்தது. ஆன்டிபயாடிக் மாத்திரை எடுத்ததும் சிவப்பு மறைந்து, நிறுத்தியதும் திரும்பி வந்தது. இரண்டாவது முறையும் அப்படியே நடந்தது. இப்போது தழும்பின் கீழ்முனையில் குண்டூசித் தலை அளவுக்குத் தோல் திறந்து, தெளிந்த நீர் கசிந்து உடையில் படுகிறது. காய்ச்சல் இல்லை, இரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் இயல்பான அளவில் இருக்கின்றன, மார்பின் மேல் வைத்து எடுத்த எக்கோவும் (ஒலியலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை) இயல்பு என்று வந்திருக்கிறது.

ஒரு மருத்துவமனையில், கருவியோடு பழைய மின்கம்பிகள் இரண்டையும் முழுவதுமாக வெளியே எடுக்க வேண்டும், அதில் உயிராபத்தும் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். வேறொரு மருத்துவரோ, புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு அதே கருவியைச் சற்றுத் தள்ளிப் புதிய இடத்தில் வைத்துத் தைத்துவிடலாம் என்கிறார். வீட்டருகே உள்ள கிளினிக்கில், ஊசியால் நீரை உறிஞ்சிச் சோதித்துப் பார்க்கலாம் என்றார்களாம். வீக்கத்துக்கு வார்ஃபரின்தான் காரணம் என்று நினைத்து, யாரையும் கேட்காமல் பத்து நாட்களாக அதையும் நிறுத்தியிருக்கிறார். "காய்ச்சலே இல்லாதபோது இது எப்படித் தொற்றாகும்? 11 ஆண்டுகளாக இதயத்தோடு ஒட்டியிருக்கும் கம்பியைப் பிடுங்குவதைவிட, ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிடுவது மேல் இல்லையா? கருவியை எடுத்துவிட்டால் என் இதயம் எதைக்கொண்டு துடிக்கும்? நான் சுத்தமாக இல்லாததால் வந்ததா, மருத்துவமனையின் தவறா? பேரக்குழந்தைக்குத் தொற்றுமா? பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருக்கிறது, அதற்கு முன் ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டுமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை நேரில் பார்க்காமல், கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய என்னால் இயலாது. ஆயினும் நீங்கள் விவரித்திருப்பது, இதயத்துடிப்புக் கோளாறுகளுக்குச் சிகிச்சை தரும் எங்களில் யார் படித்தாலும் ஒரே முடிவுக்கு வரக்கூடிய வரலாறு. கருவி வைத்த இடத்தின் மேல் தோல் திறந்து நீர் கசிகிறது என்றால், உள்ளே கருவி இருக்கும் பையில் கிருமி குடியேறிவிட்டது என்றே கொள்ள வேண்டும். ஆகவே முழுவதுமாக அகற்ற வேண்டும் என்று சொன்ன மருத்துவமனையின் கருத்தோடு நான் உடன்படுகிறேன். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடாமல், சில நாட்களுக்குள் உள்நோயாளியாகச் சேர்ந்து செய்துகொள்ளுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். உங்களை அச்சுறுத்துவதற்காக இதை முதலிலேயே சொல்லவில்லை. இந்த நோயில் நல்ல முடிவும் கெட்ட முடிவும் பெரும்பாலும் காலத்தைப் பொறுத்தே அமைகின்றன. உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

மற்றவற்றுக்குப் போகுமுன் வார்ஃபரின் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் அது இன்றே கவனிக்க வேண்டியது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்கு அந்த மாத்திரை பக்கவாதத்தைத் தடுக்கும் காவல். அதைப் பத்து நாட்களாக நிறுத்தியிருப்பது, மார்பில் உள்ள புண்ணைப் போலவே ஓர் ஆபத்து. நீங்களாகவே மறுபடி தொடங்கவும் வேண்டாம், விட்டுப்போனதற்கு ஈடாக இரட்டிப்பாக எடுக்கவும் வேண்டாம். இன்றே உங்கள் இதய மருத்துவரைத் தொடர்புகொண்டு, நிறுத்தியதை ஒளிக்காமல் சொல்லி, இரத்தம் உறையும் அளவைப் பரிசோதித்து, அறுவை நெருங்கும் வேளையில் எந்த மருந்தை எப்போது தருவது என்ற முடிவை அவரிடம் விடுங்கள்.

காய்ச்சல் இல்லாமலும் தொற்று இருக்கும்

காய்ச்சலும் வெள்ளையணு உயர்வும் இல்லாவிட்டால் தொற்று இல்லை என்பது இயல்பாக எழும் எண்ணம். மருத்துவர்களே சில வேளை அதில் நம்பிக்கை வைத்து ஏமாந்துவிடுகிறார்கள். இந்த வகைத் தொற்றுகளில் பெரும்பங்கு, நம் தோலின் மேல் எப்போதும் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் குடும்பத்துக் கிருமிகளால் வருகிறது. அவற்றுள் ஆரியஸ் என்னும் வகை வேகமாகத் தாக்கும். சீழ், வலி, குளிர்நடுக்கம் என்று தன்னைக் காட்டிக்கொள்ளும். எபிடெர்மிடிஸ் போன்ற மற்ற வகைகள் மிக மெதுவாக வேலை செய்பவை. அறுவையின்போது நுழைந்த சில கிருமிகள் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூடப் பைக்குள் அமைதியாக இருந்துவிட்டு, மெல்லிய சிவப்பாகவோ, தோல் மெலிந்து கருவியோடு ஒட்டிக்கொள்வதாகவோ, உங்களுக்கு நேர்ந்ததுபோல் ஒரு சிறு திறப்பாகவோ வெளிப்படும். தொற்று பைக்குள்ளேயே இருக்கும்வரை உடல் சூடாகாது, இரத்தப் பரிசோதனையும் பெரிதாக மாறாது. கசிவது சீழாக இல்லாமல் தெளிந்த நீராக இருப்பதும் ஆறுதலுக்குரியது அல்ல. தோல் ஒருமுறை திறந்துவிட்டால், சுற்றிலும் சிவப்போ வலியோ இல்லாவிட்டாலும், உள்ளே உள்ள கருவி மாசுபட்டதாகவே கணக்கு.

அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் தையல் நூல் ஒன்றைச் சுற்றி மேல்தோலில் மட்டும் சிறு கொப்புளம் தோன்றுவது உண்டு. அது கருவிவரை போகாத மேலோட்டமான தொற்று. ஏழு முதல் பத்து நாள் மாத்திரையில் ஆறிவிடும், எதையும் அகற்றத் தேவையில்லை. உங்களுக்கு முதலில் மாத்திரை கொடுத்தவர் இதை மனத்தில் வைத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் மூன்று மாதம் கழித்துத் தோன்றியது, இரண்டு முறை மாத்திரைக்கு அடங்கி இரண்டு முறையும் திரும்பியது, இப்போது திறந்தும் விட்டது. மேலோட்டமான தொற்று இப்படி நடந்துகொள்வதில்லை.

எக்கோ இயல்பாக வந்தது நல்ல செய்தி, ஆனால் முழுமையான செய்தி ஆகாது. மார்பின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவில், மின்கம்பியிலும் வால்விலும் ஒட்டியிருக்கும் சிறிய கிருமித் திரள்கள் கண்ணுக்குத் தப்பிவிடுவதுண்டு. உணவுக்குழாய் வழியாகக் கருவியை இறக்கி எடுக்கும் எக்கோவில் அவை மிகத் தெளிவாகத் தெரியும். அகற்றும் முன் அதை எடுத்தாக வேண்டும். அதைப் போலவே, குறைந்தது இரண்டு தனித்தனி இடங்களிலிருந்து இரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் சோதனையும் செய்ய வேண்டும். ஆன்டிபயாடிக் உடலில் இருக்கும்போது இந்தச் சோதனை செய்தால், கிருமி இருந்தும் வளராமல் போகக்கூடும். பிறகு எந்தக் கிருமியை எந்த மருந்தால் அடிப்பது என்பதே தெரியாமல் போய்விடும். யாராவது மூன்றாவது சுற்று மாத்திரையை எழுதிக் கொடுத்தால், "முதலில் பிளட் கல்ச்சர் எடுத்துவிட்டுத் தொடங்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மட்டும் எதற்கும் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்; அங்கே இரத்தம் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.

ஊசியால் நீரை உறிஞ்சும் யோசனைக்கு ஒருபோதும் இணங்காதீர்கள். அதனால் கிடைக்கும் தகவல் குறைவு. அதே ஊசி தோலிலுள்ள புதிய கிருமிகளைப் பைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும், மின்கம்பியின் உறையைக் கிழித்துவிடவும் கூடும். சர்வதேச வழிகாட்டல்களும் இதைச் செய்யக்கூடாது என்றே சொல்கின்றன.

மின்கம்பிகளையும் ஏன் எடுக்க வேண்டும்?

உங்கள் கடிதத்தில் மிக அழுத்தமாகக் கேட்டிருப்பது இதைத்தான். கிருமிகள் உயிருள்ள திசுவில் இருந்தால், இரத்தத்தோடு வரும் வெள்ளையணுக்களும் மருந்தும் அவற்றை எட்டிவிடும். ஆனால் உலோகத்தின் மேலும் பிளாஸ்டிக் உறையின் மேலும் இரத்த ஓட்டம் இல்லை. அங்கே அவை ஒன்றோடொன்று ஒட்டி, தம்மைச் சுற்றிப் பசைபோன்ற படலத்தைச் சுரந்துகொண்டு, அதற்குள் பெரும்பாலும் உறங்குநிலையில் இருக்கின்றன. வளராமல் உறங்கும் கிருமியை ஆன்டிபயாடிக்கால் எளிதில் கொல்ல முடியாது. மாத்திரை எடுக்கும்போது படலத்துக்கு வெளியே திரிபவை சாகின்றன, சிவப்பு மறைகிறது. நிறுத்தியதும் படலத்திலிருந்து மறுபடி வெளிவருகின்றன, சிவப்பு திரும்புகிறது. நீங்கள் இருமுறை கண்டது இதுவாகவே இருக்க வேண்டும். உங்கள் மருத்துவர் தேர்ந்தெடுத்த மாத்திரையோ நீங்கள் சாப்பிட்ட முறையோ தவறாக இருக்க வேண்டியதில்லை.

மின்கம்பியின் ஒருமுனை இந்தப் பைக்குள் சுருண்டிருக்கிறது; மறுமுனை பெரிய இரத்தக்குழாய் வழியாகச் சென்று இதயத்தின் உட்சுவரில் பதிந்திருக்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், பையில் உள்ள தொற்று அந்தக் கம்பி வழியே மெல்ல இதயத்தை நோக்கி நகரும். அது வால்வை எட்டினால் எண்டோகார்டைட்டிஸ் என்னும் இதய உட்படல அழற்சியாகிறது. பிறகு சிகிச்சை வாரக்கணக்கில் நீள்வதோடு, உயிரிழப்பின் வாய்ப்பும் பலமடங்கு உயர்கிறது. கருவியை மட்டும் எடுத்துக் கம்பியை உள்ளே விட்டுவிடுவதும், பையைக் கழுவி அதே கருவியை அருகில் மாற்றி வைப்பதும் இந்தக் காரணத்தால்தான் பலிப்பதில்லை. தொற்றிய அமைப்பைப் பாதியாக விட்டவர்களிடம் அது திரும்புவதே வழக்கம்; திரும்பும்போது பெரும்பாலும் இரத்தத்தில் கலந்து திரும்புகிறது. இரண்டாவது மருத்துவர் உங்களைப் பெரிய அறுவையிலிருந்து காக்க வேண்டும் என்ற அக்கறையில் சொல்லியிருக்கலாம். இருந்தும் அமெரிக்க, ஐரோப்பிய இதயத்துடிப்பு மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டல்கள் அனைத்தும், தொற்று பையோடு நின்றிருந்தாலும் கருவியையும் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அகற்றுவதையே உறுதியாகப் பரிந்துரைக்கின்றன.

ஆயுள் முழுவதும் மாத்திரை என்ற வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. அகற்றும் அறுவையைத் தாங்கவே முடியாத அளவுக்கு உடல் தளர்ந்தவர்களுக்கும், வேறு நோயால் வாழ்நாள் மிகக் குறுகியவர்களுக்கும், நன்கு விளக்கிச் சொன்ன பிறகும் அறுவையை மறுப்பவர்களுக்கும் அதைத் தருகிறோம். அது தொற்றைக் குணப்படுத்தாது. அடக்கி மட்டும் வைக்கும், அதுவும் நிச்சயமில்லை. 57 வயதில், தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அகற்றுவதில் உள்ள ஆபத்தை மறைக்கவும் விரும்பவில்லை. ஓராண்டு கடந்த கம்பியைச் சுற்றி வடுத்திசு வளர்ந்து, இரத்தக்குழாய்ச் சுவரோடும் இதயத்தோடும் அதைப் பிணைத்துவிடுகிறது. 11 ஆண்டு என்பது நெடுங்காலம். கம்பியின் மேல் குழாய்போன்ற உறையைச் செலுத்தி, லேசர் ஒளியாலோ சுழலும் வெட்டுமுனையாலோ அந்த வடுவை விடுவித்துக்கொண்டே உள்ளே போய்க் கம்பியை வெளியே எடுப்பார்கள். இரத்தக்குழாயோ இதயச்சுவரோ கிழிந்தால் நிமிடங்களுக்குள் மார்பைத் திறக்க நேரிடும். 2017-இல் வெளியான, 3,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட ஐரோப்பியப் பதிவேட்டில், பெரும் சிக்கல்கள் 1.7 சதவீதத்தினருக்கும், இந்தச் செயல்முறையால் நேர்ந்த மரணம் 0.5 சதவீதத்தினருக்கும் பதிவாகியிருக்கின்றன. மறுபக்கத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வில், கருவித் தொற்று ஏற்பட்ட 11,000-க்கும் மேற்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்கே ஒரு மாதத்துக்குள் கம்பிகள் அகற்றப்பட்டன. நோய் கண்டறிந்து ஆறு நாட்களுக்குள் அகற்றப்பட்டவர்களிடம், அகற்றப்படாதவர்களைவிட இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. அகற்றுவதற்கு அஞ்சித் தாமதிப்பதே அகற்றுவதைவிட ஆபத்தானது என்று நான் சொல்வதற்கு அடிப்படை இதுதான்.

ஆபத்தைக் குறைக்க உங்கள் கையில் ஒன்று இருக்கிறது: எங்கே செய்துகொள்கிறீர்கள் என்பது. இதை அடிக்கடி செய்பவர்களிடம் சிக்கல் குறைவு. "ஆண்டுக்கு எத்தனை பேருக்குக் கம்பி அகற்றுகிறீர்கள்? பெரும் சிக்கல் எத்தனை பேருக்கு வந்தது? செய்யும்போது இதய அறுவை நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் அதே அறையிலோ பக்கத்திலோ தயாராக இருப்பார்களா?" என்று கேளுங்கள். இவை மரியாதைக் குறைவான கேள்விகள் அல்ல; ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன் இவற்றுக்கு விடை பெறுவது உங்கள் உரிமை, சொல்வது எங்கள் கடமை. இரண்டாம் கருத்தையும் தாராளமாகப் பெறுங்கள். ஆனால் கம்பி அகற்றுவதில் பயிற்சி பெற்ற ஒருவரிடம், சில நாட்களுக்குள் பெறுங்கள்.

இடைப்பட்ட நாட்களில் இதயம் எப்படித் துடிக்கும்?

உங்கள் இதயம் இந்தக் கருவியை முழுவதுமாகச் சார்ந்திருக்கக்கூடும். சேர்ந்த முதல் நாளே, கருவியின் வேகத்தைச் சற்றுக் குறைத்துவைத்து, அடியில் உங்கள் சொந்தத் துடிப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடுவார்கள். சார்ந்திருப்பது உறுதியானால், பழைய கம்பிகளை எடுக்கும் முன்பே கழுத்து இரத்தக்குழாய் வழியாகத் தற்காலிகக் கம்பி ஒன்றைச் செலுத்தி, அதன் முனையை இதயச்சுவரில் திருகிப் பதித்து, வெளியே தோலின் மேல் ஒட்டிவைத்த பேஸ்மேக்கரோடு இணைத்துவிடுவார்கள். அப்படிப் பதித்த கம்பியோடு எழுந்து நடமாடலாம். நாட்கணக்கில், வேண்டுமானால் வாரக்கணக்கிலும் அது தாங்கும்.

புதிய கருவி எப்போது என்பது பிளட் கல்ச்சர் முடிவைப் பொறுத்தது. அகற்றிய பின் எடுத்த இரத்தத்தில் குறைந்தது 72 மணி நேரம் கிருமி வளராமல் இருக்க வேண்டும். வால்வில் கிருமித் திரள் இருந்திருந்தால் சுமார் இரண்டு வாரம் காத்திருப்போம். மருந்து, தொற்று பையோடு நின்றிருந்தால் 10 முதல் 14 நாள். வால்வை எட்டியிருந்தால் நான்கு முதல் ஆறு வாரம். எடுத்த கருவியைக் கழுவி மீண்டும் வைக்க மாட்டார்கள். புதியதையும் அதே இடத்தில் வைக்க மாட்டார்கள், வலப்புறத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். மின்கம்பியே இல்லாத, கேப்ஸ்யூல் வடிவப் பேஸ்மேக்கரும் இப்போது உண்டு. தொடை இரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்; மார்பில் பையும் இல்லை, கம்பியும் இல்லை, ஆகவே தொற்று மிக அரிது. உங்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இப்போது நிரந்தரமாகிவிட்டதென்றால், கீழறையை மட்டும் தூண்டும் இந்த வகை உங்களுக்குப் பொருத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்களே எடுத்துச் சொல்லி விசாரியுங்கள். கருவி அகற்றப்படுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மறுபடி வைக்கும் தேவையே இல்லாதிருப்பதுண்டு. மின்தொடர்பு முற்றிலும் தடைப்பட்ட உங்களுக்கு அப்படி அமைவது அரிது என்றாலும், புதியதை வைக்கும் முன் அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுப் பார்ப்பது முறை.

இத்தனை மாற்றங்களுக்குப் பிறகு வாழ்க்கை எப்படியிருக்கும் என்ற கலக்கம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. உலகிலேயே முதன்முதலில், 1958-இல் ஸ்டாக்ஹோமில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஆர்னே லார்சன், அதன் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 86 வயது வரை வாழ்ந்தார். 2001-இல் அவர் இறந்ததற்கும் இதயத்துக்கும் தொடர்பில்லை.

யார் மீது தவறு?

உங்கள் சுத்தத்தைப் பற்றிய குற்றவுணர்வை இன்றோடு விட்டுவிடுங்கள். ஐந்து மாதங்களுக்கு முன் வைத்த கருவியில் இப்படி வெளிப்படும் தொற்று, பெரும்பாலும் அறுவை மேசையிலோ அதையடுத்த சில வாரங்களிலோ விதைக்கப்பட்டது. முதன்முறை கருவி வைக்கும்போது ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குத் தொற்று வருகிறது. பேட்டரி மாற்றும்போது அது கூடுகிறது. பழைய பையின் சுவர் இரத்த ஓட்டம் குறைந்த வடுவாகிவிட்டதால், அங்கே எதிர்ப்புச் சக்தியும் மருந்தும் சரியாக எட்டுவதில்லை. கருவியை மட்டும்தான் மாற்றுகிறார்கள், சிறிய வேலை என்று நோயாளிகள் எண்ணுவது இயல்பு. எங்களுக்கோ அது கூடுதல் கவனம் கேட்கும் வேலை. சர்க்கரை நோய் இந்த வாய்ப்பை மேலும் உயர்த்துகிறது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் அந்தக் கருநீல வீக்கம், அதாவது பைக்குள் தேங்கிய இரத்தம் என்று நினைக்கிறேன். கனடாவை மையமாகக் கொண்டு நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, வார்ஃபரினை நிறுத்தி ஹெப்பாரின் ஊசி கொடுத்தவர்களில் 16 சதவீதத்தினருக்கு இத்தகைய இரத்தத் தேக்கம் வந்ததையும், வார்ஃபரினை நிறுத்தாமலே அறுவை செய்தவர்களில் அது 3.5 சதவீதமாகக் குறைந்ததையும் காட்டியது. அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியான அறிக்கை, இரத்தம் தேங்கியவர்களுக்கு ஓராண்டுக்குள் கடுமையான தொற்று வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்றது. ஆகவே வீக்கத்துக்கு வார்ஃபரின்தான் காரணம் என்ற உங்கள் கணிப்பைச் சற்றுத் திருத்திக்கொள்ளுங்கள்; இடையில் போட்ட ஹெப்பாரினுக்கே அதில் பெரிய பங்கு இருந்திருக்கலாம். அதற்காக அந்த மருத்துவமனை கவனக்குறைவாக இருந்தது என்ற முடிவுக்கும் உடனே போக வேண்டாம். செயற்கை வால்வு போன்ற வேறு காரணங்கள் உள்ள சிலருக்கு, வார்ஃபரினை நிறுத்தி ஹெப்பாரின் கொடுப்பதா என்பது சூழ்நிலையைப் பொறுத்தது. உங்கள் கோப்பைப் பார்க்காமல் நான் தீர்ப்பு சொல்வது நியாயம் ஆகாது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் தொற்று வருவதுண்டு.

ஆனால் அறிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அறுவைக் குறிப்பு, வெளியேறும்போது தந்த சுருக்க அறிக்கை, கருவியின் அடையாள அட்டை, மறுபார்வைக் குறிப்புகள் ஆகியவற்றின் நகல்களை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போடப்பட்டதா, வீக்கத்தை எவ்வாறு பதிவு செய்தார்கள் என்பவை அவற்றில் தெரியும். இந்தத் தாள்கள் முதலில் வேண்டியது அகற்றப்போகும் மருத்துவருக்கு, ஏனெனில் எந்த வகைக் கம்பி, எப்படிப் பதிக்கப்பட்டது என்று அவர் அறிய வேண்டும். புகார் கொடுப்பதா என்ற கேள்வியை உடல் தேறிய பின் அமைதியாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகச் சிகிச்சையை ஒருநாளும் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த கருவி வைக்கும்போது, ஆன்டிபயாடிக் பூசிய வலையுறை ஒன்றைக் கருவிமேல் போர்த்துவது பற்றிக் கேளுங்கள். தொற்று வாய்ப்பு அதிகமுள்ளோர் சுமார் 7,000 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், அது ஓராண்டுக்குள் வரும் பெரிய தொற்றுகளை 1.2 சதவீதத்திலிருந்து 0.7 சதவீதமாகக் குறைத்தது. கம்பியில்லாக் கருவியைத் தேர்ந்தெடுத்தால் இதற்குத் தேவை எழாது.

சேரும் வரை வீட்டில்

புண்ணின் மேல் உலர்ந்த, கிருமிநீக்கிய துணிப் பட்டையை வைத்து ஒட்டி, நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். களிம்பு, பொடி எதையும் இடாதீர்கள், பிதுக்காதீர்கள், ஒட்டிய தோலை உரிக்காதீர்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருங்கள். குளிர்நடுக்கம், காய்ச்சல், மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் அல்லது மயக்கம், இரத்தக் கசிவு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், கருவியின் உலோகம் கண்ணுக்குத் தெரிவது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் குறித்த தேதிக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

பேரக்குழந்தையைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. இது பக்கத்தில் படுப்பதாலோ கட்டிக்கொள்வதாலோ பரவும் நோய் அல்ல. புண் மூடியிருக்கட்டும், பட்டையை மாற்றியதும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள், அவ்வளவு போதும்.

கடைசியாகப் பல். பேஸ்மேக்கர் இருப்பதை மட்டும் காரணமாக வைத்துப் பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் எடுக்கத் தேவையில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2007-இல் வகுத்த பட்டியலில் செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பு எண்டோகார்டைட்டிஸ் வந்தவர்கள், பிறவி இதயக் குறைபாடுகளில் சில வகையினர் போன்றோர் இருக்கிறார்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இல்லை. இப்போது எடுக்கப்போகும் எக்கோவில் வால்வில் தொற்று இருந்தது என்று தெரிந்தால் மட்டும் நீங்கள் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுவீர்கள். பிறகு ஒவ்வொரு முறை பல் பிடுங்கும்போதும் பல் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். அந்த எக்கோவின் முடிவு தெரியும்வரை அந்தப் பல்லைத் தொட வேண்டாம். அதன் வேரில் சீழ் இருப்பதாகச் சொல்லியிருந்தால், மருத்துவமனையில் சேரும் அன்றே தெரிவியுங்கள். புதிய கருவியை வைக்கும் முன் அதைச் சரிசெய்துவிடுவார்கள்.